தண்ணீர் தெளித்த வைக்கோல்

நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், பூஞ்சைக்குச் சோறு போடுகிறேன் என்று சொல்வேன். கேட்டவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதையும் மீறிக் கேட்கிறவர்களுக்கு மட்டும் விளக்கம் உண்டு. அறுவடை முடிந்து வயலில் மிஞ்சுகிற வைக்கோல், கரும்புச் சக்கை, சோளத்தட்டை இவற்றுக்குள் சர்க்கரை ஒளிந்திருக்கிறது. மாடு அதை வயிற்றுக்குள் உடைத்து எடுத்துக்கொள்கிறது. மனிதனால் முடியாது. பூஞ்சையால் முடியும். அது நொதி என்று ஒன்றைச் சுரந்து, வைக்கோலை வெளியிலேயே கரைத்து, பிறகு குடிக்கும். நாங்கள் பூஞ்சையை வளர்த்து, அதன் நொதியை மட்டும் திருடிக்கொள்கிறோம். அந்த நொதி கையிலிருந்தால் வைக்கோலிலிருந்து நாமே சர்க்கரை எடுக்கலாம், அதை எரிபொருளாகக் காய்ச்சலாம், வயலில் கொளுத்தி ஊரைப் புகைமூட்டமாக்குவதையும் குறைக்கலாம். பெங்களூரில் நான் வேலை செய்கிற ஆய்வுக்கூடத்தின் கனவு இது. அதில் என் பங்கு சின்னது. வைக்கோலைத் தட்டில் பரப்பி, ஈரமாக்கி, ஆவியில் அவித்து, ஆறவைத்து, பூஞ்சையின் வித்துகளைத் தூவி, சூடான அலமாரியில் வைத்துவிட்டு, வளர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது.

அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் மரியாதை கிடையாது. ரொட்டியில் பூஞ்சை பூத்தால் ஊரே தூக்கிப் போடுகிறது, இவளை மட்டும் அதற்குத் தொட்டில் ஆட்டச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பாள். அப்பா அப்படியில்லை. அந்த வைக்கோல் எங்கிருந்து வருகிறது என்று முதல் வாரமே கேட்டுவிட்டார்.

எங்கள் வீடு கோலார்ப் பக்கம் மைசூர் மைன்ஸ் என்கிற தங்கச் சுரங்க ஊரில், சுரங்கக்காரர்களுக்காக வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்று. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவேன். ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் பிழைப்பு. முன்பு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் போனார்கள், இப்போது ரயிலில் ஏறிப் பெங்களூருக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் சொந்த வீட்டைப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பேன். அதிலும் பாதி சர்ச்சில் கழிந்துவிடும். மிச்சப் பாதியில் துவைக்கவேண்டும். வீட்டின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு சாய்ப்பு இருக்கிறது. ஷெட் என்று சொல்லுவோம். அதற்குள் நான் கால் வைத்து எத்தனை காலம் ஆயிற்று என்று எனக்கே தெரியாது.

அப்பா சுரங்கத்தில் ட்ரில் போட்டவர். பாறையில் துளை போட்டு, வெடி வைப்பதற்கு வழி செய்து கொடுக்கிற வேலை. இரண்டாயிரத்தொன்றில் சுரங்கத்தை மூடியபோது அவருக்கு வயதும் தீரவில்லை, நெஞ்சும் மிஞ்சவில்லை. பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் சில வருடம் காவலுக்கு நின்றார். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றதும் அதுவும் போயிற்று. இடையில் ஒருமுறை டிபி வந்தது. மாத்திரையை ஒருநாள் விடாமல் முழுங்கினார். குணமாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். குணமானது நிஜம்தான். ஆனால் வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு பொந்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. காலி வீடு. யாரும் குடியில்லை என்பதால் யாரும் கவலைப்படவில்லை.

சுரங்கத்தில் அவர்கள் கற்றுக்கொண்ட பாடங்களில் தலையானது தண்ணீர். உலர்ந்த பாறையில் ட்ரில் போட்டால் கிளம்புகிற தூசி நெஞ்சில் போய் உட்கார்ந்து கல்லாகிவிடும். அதனால் ட்ரில்லின் உள்வழியாகவே தண்ணீர் ஓடும். வெடித்த கல்லை அள்ளுமுன் அதன்மேலும் பீய்ச்சி அடிப்பார்கள். அப்படியும் தூசி அவரை விடவில்லை என்பது வேறு விஷயம். தண்ணீர் சரியாக வராத ஷிப்டுகளில் வேலை செய்ததால்தான் தனக்கு இந்த இருமல் என்று அவர் நம்பினார். தண்ணீரின்மேல் அவருக்கிருந்த விசுவாசம் கர்த்தருக்கு அடுத்தபடியானது. வீட்டில் தெளிக்காமல் துடைப்பத்தைத் தொடவிட மாட்டார். பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாலும், பக்கத்து வீட்டில் சுவரைச் சுரண்டினாலும், ஒரு சொம்போடு போய் நிற்பார். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் எப்போதாவது வந்து முகம் காட்டுகிற ஊரில், இந்த மனுஷன் தூசிக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அப்பாவிடம் அதற்கு ஒரே பதில்தான்.

“தூசிய எழுப்பிட்டு அப்பால மூக்க மூடி இன்னா பிரயோஜனம்? அது படுத்துக்கினு இருக்கும்போதே அமுக்கணும்.”

ஆய்வுக்கூடத்துக்கு வைக்கோல் ஒரு தீவனக் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தது. நெல், ராகி, சோளம் எல்லாம் கலந்திருக்கும். சமயத்தில் செருப்புவாரும் கிடக்கும். எங்களுக்கு வேண்டியது கலப்பில்லாத ராகி வைக்கோல். எங்கள் தலைமை விஞ்ஞானி நல்ல மனிதர். நீ கோலார்ப் பக்கம்தானே, உங்கள் ஊரில் கிடைக்காதா என்றார். அதை வீட்டில் வந்து சொன்னேன். மறுநாளே அப்பா பஸ் ஏறிப் பேத்தமங்களா போய், ஏரிக்கு அந்தப்பக்கம் ராகி போடுகிற ஒரு விவசாயியைப் பிடித்துவிட்டார். சுமை ஆட்டோவில் கோணி கோணியாக வந்து இறங்கியது. மூச்சு வாங்க வாங்க அவரே எண்ணி இறக்கினாராம். நான் இரவு வந்தபோது ஆட்டோக்காரனுக்குக் காபி கொடுத்த கதைவரை சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

அதன்பிறகு திங்கட்கிழமை காலைகளில் வாசலருகே ஒரு பை தயாராக நிற்கும். உள்ளே விரல் நீளத்துக்கு ஒரே அளவாக நறுக்கிய ராகி வைக்கோல், சுக்காகக் காய்ந்து, ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல். யந்திரத்தில் வெட்டினால்கூட இவ்வளவு சீராக வராது. ரயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் எதிர்சீட்டுக்காரர்களுக்குப் பொழுது போகும். பெங்களூரில் மாடு வாங்கிவிட்டாயா, பால் எங்களுக்கும் ஊற்று என்பார்கள். ஆமாம், என் மாட்டுக்குக் கொம்பும் இல்லை வாலும் இல்லை, தின்பது மட்டும் உண்டு என்று நானும் சொல்வேன். ஆய்வுக்கூடத்தில் அந்த வைக்கோலைக் கழுவி அவித்துத் தட்டில் போட்டால் பூஞ்சை மூன்றாம் நாளே பாய் விரித்ததுபோல் படர்ந்துவிடும். உங்கள் வைக்கோலில் நன்றாக வளர்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமையே சர்ச் வாசலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

அவர் ஆள் மாறிப்போனார். அதுவரை பகலெல்லாம் கட்டிலில் சாய்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், காலையில் சவரம் செய்துகொண்டு ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தார். எங்கே என்று யாராவது கேட்டால் டூட்டிக்கு என்பார். அம்மா அவருக்கு வைக்கோல் சூப்பரின்டெண்ட் என்று பெயர் வைத்தாள். கேலிதான், ஆனால் பதினோரு மணிக்கு டீயை ஷெட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். நான் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. என் வேலையால் அப்பாவுக்கு ஒரு காலைப்பொழுது கிடைத்தது என்று நினைத்தபோதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

இரண்டு மழைக்காலம் அப்படிப் போயிற்று. மூன்றாவது முடிகிற சமயத்தில், துவைக்கப் போட்ட கைக்குட்டையில் அம்மா இரத்தத்தைப் பார்த்தாள்.

எங்கள் ஊரில் இருமலுக்கு யாரும் இரண்டாவது காரணம் தேட மாட்டார்கள். டஸ்ட், அதாவது சுரங்கத்துக் கல்தூசி, என்று ஒரு சொல் போதும். பக்கத்து லைனில் இருக்கிற பழைய ட்ரில்லர் டஸ்ட் என்றார். தெருமுனை டாக்டர் டஸ்ட் என்று சிரப் எழுதிக் கொடுத்தார். படித்த நானும் டஸ்ட் என்றுதான் சொன்னேன். மறுபடி டிபியோ என்று பயந்து சளியைச் சோதித்தோம். இல்லை என்று வந்ததும் அம்மா காணிக்கைகூடப் போட்டாள். பார்க்க வந்த பழைய சுரங்கக்காரர்கள் ஆளுக்கொரு பொட்டலம் வெல்லம் கொண்டுவந்தார்கள். வெல்லம் தின்றால் தொண்டையிலிருக்கிற தூசி இறங்கிவிடும் என்பது சுரங்கத்து நம்பிக்கை. அப்பா கடமையாகத் தின்றார். இரத்தம் நிற்கவில்லை. ஒருநாள் காலையில் வாஷ்பேசின் சிவந்துபோகிற அளவுக்கு வந்தது. அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு அதே ரயிலில் பெங்களூருக்குப் போனேன், நெஞ்சு ஆஸ்பத்திரிக்கு.

ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் மாட்டினார். இளவயதுப் பெண், கன்னடக்காரர். தமிழ் புரியும், பேசத்தான் கூச்சம். படத்தில் அந்தப் பழைய பொந்து இருந்தது. ஆனால் காலியாக இல்லை. உள்ளே ஓர் உருண்டை உட்கார்ந்திருந்தது. அதன் தலைக்குமேல் பிறைக்கீற்று மாதிரிக் கொஞ்சம் காற்று. டாக்டர் வாயைத் திறக்குமுன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரிப் புத்தகத்தில், தேர்வுக்கு வராது என்று நான் புரட்டிவிட்ட பக்கத்தில் இதே படம் இருந்தது.

பூஞ்சை உருண்டை. அஸ்பெர்ஜில்லஸ் என்று டாக்டர் பெயரைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகைக்கு முன்னால் வருமே, அந்தச் சிரிப்பு. எங்கள் அலமாரியில் வளர்வது இதற்குப் பங்காளி. ஆளுக்கு ஊறு செய்யாத இனம் என்று சோதித்துப் பார்த்து வாங்கியது அது. இது அதே குடும்பத்தில் வேறு கிளை. வைக்கோலைக் கரைப்பதில் எங்களுடையதற்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை. மனித உடம்பின் சூடுதான் இதற்கு இதமான சூடு.

முதலில் என் துணியில் ஒட்டி வந்திருக்குமோ என்றுதான் பயந்தேன். நான் வேலை செய்வது இன்ன இடம், வளர்ப்பது இன்ன இனம் என்று டாக்டரிடம் ஒப்பித்தேன். அதுவல்ல இது என்று அவர் சொல்லிவிட்டார். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டார். வீட்டில் புறா உண்டா, கோழி உண்டா, பழைய தானியம், ஈரமான வைக்கோல் ஏதாவது. ஈர வைக்கோல் இல்லை, காய்ந்த வைக்கோல்தான் என்று நான் சொன்னேன். அதுவரை பேசாமலிருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் வேலையைப் பற்றி யாரோ விசாரிக்கிறார்கள் என்ற மதிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

“காஞ்சது காஞ்சபடி நான் தொடவே மாட்டேன் டாக்டர். மைன்ஸ் ஆளு நானு. நல்லா தண்ணி அடிச்சி, வெட்டி, கோணில அமுக்கிக் கட்டி ஷெட்டுல போட்டுடுவேன். ஒரு பொட்டுத் தூசி வராது. பாப்பா எடுத்துக்கினு போறதுக்கு மட்டும், கறுத்ததெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு, வெயில்ல உதறிக் காயவச்சிக் குடுப்பேன்.”

உதறும்போது ஒன்றும் கிளம்பாதா என்று டாக்டர் கேட்டார்.

“பச்சையா கொஞ்சம் பொகை மாதிரி வரும். அது தூசி இல்ல டாக்டர். தூசின்னா எனக்குத் தெரியாதா?”

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈரமாக்கி, மூட்டையாகக் கட்டி, தகரக் கூரையின் சூட்டில் வைத்திருக்கிறார். நாங்கள் யந்திரம் வைத்துச் செய்கிற அதே காரியம். அவர் உதறிய பச்சைப் புகை பூஞ்சையின் வித்து. கல்லுக்குத் தண்ணீர் தெளித்தால் தூசி அடங்கும். வைக்கோலுக்குத் தண்ணீர் தெளித்தால் தூசி பிறக்கும். இது எனக்குத் தெரியும். என் சம்பளமே அதற்குத்தான். அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அவர் செய்ததுதான் சரி என்றிருப்பார்கள்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் திரும்பப் போனேன். வைக்கோல்தானா என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்த வித்து இல்லாத காற்றே கிடையாது, எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம், நல்ல நெஞ்சில் அது ஒன்றும் செய்வதில்லை, இவருக்குள் ஒரு காலி அறை இருந்தது, எந்த மூச்சில் போய் உட்கார்ந்தது என்று யாரால் சொல்ல முடியும் என்றார். சரி, எடுத்துவிடுங்கள் என்றேன். அறுத்து எடுப்பதுதான் முழு வைத்தியம், ஆனால் மிச்ச நுரையீரல் முழுக்கக் கல்தூசி, ஆபரேஷன் மேசையிலிருந்து உயிரோடு இறங்க மாட்டார் என்றார். மாத்திரை இருக்கிறது, கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் உருண்டையின் உள்ளே அது போய்ச் சேராது. பெரிதாக இரத்தம் வந்தால் அந்த இரத்தக் குழாயை அடைக்கலாம். அதுவரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பழகிய வேலை. ஆனால் நான் பார்ப்பது அது வளரவேண்டும் என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், ஆய்வுக்கூடத்து முகமூடியைக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனேன். கோணிகள் சுவரோரம் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒன்றைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது. வாயைப் பிரித்தேன். எங்கள் அலமாரியைத் திறந்தால் வருகிற அதே வாசனை முகமூடியைத் தாண்டி வந்தது. உள்ளே வைக்கோலே தெரியவில்லை. சாம்பல் கலந்த பச்சை, பட்டு மாதிரி. இவ்வளவு செழிப்பான வளர்ச்சியை நாங்கள் ஒரு தட்டிலும் கண்டதில்லை. எனக்கு முதலில் தோன்றியது என்ன வளர்ச்சி என்பதுதான். அந்த நினைப்புக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் கதையைச் சொல்வார்கள். அவன் தன் சங்கடத்தைத் தானே தேடிக்கொண்டவன். இவர் எடுத்தது எனக்காக.

கொளுத்தினால் வித்து ஊரெல்லாம் பறக்கும். அதனால் பின்கொல்லையில் குழி வெட்ட ஆள் வைத்தேன். கோணிகளை அப்படியே இறக்கி மண்ணைத் தள்ளச் சொன்னேன். அப்பாவை வீட்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தேன், கேட்கவில்லை. வாசல்படியில் நின்று பார்த்தார். ஆய்வுக்கூடத்தில் ராகி வேண்டாமென்று கரும்புச் சக்கைக்கு மாறிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னேன். பொய்யைச் சுமாராகத்தான் சொன்னேன் போலிருக்கிறது. அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

“நல்லாதான வச்சிருந்தேன்,” என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து சவரம் செய்வதையும் விட்டுவிட்டார்.

சொல்லிவிடு என்றாள் அம்மா. எதைச் சொல்வது? மகளுக்கு உதவப் போய் நோயை இழுத்துக்கொண்டீர்கள் என்றா? அதுவும் நிச்சயமில்லாத விஷயத்தை. டாக்டரே சொல்ல முடியாது என்றதை நான் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் தன் வைக்கோல் தேறவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. அம்மாவிடம் எரிந்து விழுந்தேன். அவளும் விடவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள், நம் வீட்டில் பூஞ்சைக்காரி அப்பனுக்கே பூஞ்சை என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

ஆய்வுக்கூடத்தில் தலைமை விஞ்ஞானி தனக்குத் தெரிந்த இரண்டு பெரிய டாக்டர்களிடம் படத்தைக் காட்டினார். இருவரும் அதையேதான் சொன்னார்கள். நான் மதிய உணவு நேரமெல்லாம் அந்தப் பூஞ்சையைப் பற்றிப் படித்தேன். எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாக வளரும், எந்தச் சர்க்கரையை முதலில் தின்னும், எந்த நொதியை எப்போது சுரக்கும், எல்லாம் கிடைத்தது. உலகத்தில் அதை வளர்ப்பதற்கு இவ்வளவு பேர் உழைத்திருக்கிறார்கள். ஒரு கிழவனின் நெஞ்சிலிருந்து அதைக் கிளப்புவதற்கு ஒரு வரி கிடைக்கவில்லை. சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு ரயிலேறுவேன். வந்தவுடன் குளிக்காமல் அப்பா பக்கம் போகமாட்டேன். அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரியும். வேறு எதுவும் செய்ய இல்லாததால் குளித்தேன்.

அப்பாவோ பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். இது டஸ்ட் இல்லையாம், பூஞ்சையாம், நம் பெண் அதற்குத்தான் படித்திருக்கிறாள், அவளுக்குத் தெரியாத பூஞ்சையா என்பார். அவர்கள் தலையாட்டிவிட்டு, வெல்லத்தை வைத்துவிட்டு, என்னைப் பார்ப்பார்கள். நான் டீ போடுகிற சாக்கில் உள்ளே போய்விடுவேன். அந்த வெல்லத்தை அம்மா டப்பாவில் சேர்த்துவைத்தாள். பூஞ்சைக்கு வெல்லம் என்றால் உயிர் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. தின்கிற வெல்லம் நேராக நெஞ்சுக்குப் போவதில்லை என்றும் எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் ஒரு துண்டை வாயில் போடும்போதெல்லாம் அதைப் பிடுங்கிவிடலாமா என்றிருக்கும்.

கோடை தொடங்கும்போது டாக்டர் சொல்லிவைத்த பெரிய இரத்தம் வந்தது. அம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம்புலன்ஸில் பெங்களூர் போகிறவரை அவர் என் மணிக்கட்டை விடவில்லை. குழாயை அடைத்தார்கள். நின்றது. இது நிரந்தரமில்லை, உடம்பு வேறு குழாயைத் தேடிக்கொள்ளும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவர் பாதியாக இருந்தார். மூன்று தலையணை வைத்துச் சாய்த்தால்தான் மூச்சு விட முடிந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அம்மா சர்ச்சில் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருந்தாள். நான் அவருக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் கோணிலேர்ந்துதான வந்துச்சி?” என்றார்.

யார் சொன்னது என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை, நீ முகமூடி கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தேனே, மைன்ஸில் எதற்கு முகமூடி கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியாதா என்றார். இத்தனை மாதமாக இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் அதையே மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

“யாருக்கும் தெரியாது டாடி. காத்துல எங்க பாத்தாலும் கீது அது. டாக்டரே சொல்ல முடியாதுன்னுட்டாங்க,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். பொய் சொல்வதைப்போல் இருந்தது.

“கல்லுக்குத் தண்ணி அடின்னு சொன்னாங்க. வைக்கோலுக்கு அடிக்காதன்னு யாரும் சொல்லலியே.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. ஷிப்ட் முடிந்து வந்து, கீழே நடந்ததைச் சொல்கிற குரல். நான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். அவர் என்னை அழவிட்டார். பிறகு கையைத் தட்டி, நீதானே அதை வளர்க்கிறாய், அதற்கு என்ன பிடிக்கும் என்று கேட்டார். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதுபோலக் கேட்டார். சூடு பிடிக்கும் என்றேன். ஈரம் பிடிக்கும், இனிப்பு பிடிக்கும், தொந்தரவு செய்யாமல் ஒரே இடத்தில் கிடப்பது பிடிக்கும் என்றேன். எல்லாவற்றுக்கும் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

“புடிக்காதது?”

யோசித்தேன். கொதிக்கிற ஆவி, நெருப்பு, பாத்திரம் கழுவுகிற திராவகம். தினமும் அதைக் கொல்ல நாங்கள் பயன்படுத்துகிற எதையும் ஒரு மனிதனுக்குள் விட முடியாது. மிச்சமிருந்தது ஒன்றுதான்.

“காத்து இல்லன்னா அதால இருக்க முடியாது, டாடி.”

அப்பாவின் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று.

“எனக்கும் அதே கதைதானம்மா,” என்றார்.

பிறகு மூச்சு முட்டுகிறது, ஜன்னலைத் திற என்றார். எழுந்துபோய் இரண்டு கதவையும் திறந்துவிட்டேன். அவருக்காகத்தான் திறந்தேன். உள்ளே வந்த காற்று அவருக்கும் பூஞ்சைக்கும் சேர்ந்தே போயிற்று.